அறியாதவர் முன் அழுகை: தமிழ்த் திரைப்படங்களில் நீடிக்கும் துயரமும் மெய்ப்பாட்டியலும்

ஆய்வுச் சுருக்கம்

துயர முடிவுடைய திரைப்படங்கள் பல பார்வையாளரை அழச் செய்கின்றன. அவற்றுள் சிலவே ஆண்டுகள் கடந்தும் மனத்தை விட்டு அகலாமல் நிற்கின்றன. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அழுகையின் நிலைக்களன்களைத் துணையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ‘பாசமலர்’ (1961), ‘மூன்றாம் பிறை’ (1982), ‘வீடு’ (1988), ‘பரியேறும் பெருமாள்’ (2018) ஆகிய நான்கு திரைப்படங்கள் ஆய்வு எல்லையாக அமைகின்றன. ஒரு துயரை அறிந்திருக்க வேண்டிய பாத்திரம் அதனை அறியாமலேயே போவதும், அவ்வறிவின் சுமை பார்வையாளரிடம் ஒப்படைக்கப்படுவதும் நீடித்த தாக்கத்திற்குக் காரணமாகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். இவ்வமைப்பிற்குப் பெண் பாத்திரங்கள் தரும் விலை எது என்ற வினாவும் இறுதியில் எழுப்பப்படுகிறது.

திறவுச் சொற்கள்: மெய்ப்பாட்டியல், அழுகை, அசைவு, இனங்காணல், தமிழ்த் திரைப்படம், பாலுமகேந்திரா, பார்வையாளர்.

முன்னுரை

ஒரு திரைப்படத்தைப் பார்த்து அழுதேன் என்று சொல்வது தமிழ்ப் பார்வையாளரிடையே பாராட்டாகவே வழங்கி வருகிறது. ஆயினும் அரங்கில் சிந்திய கண்ணீருக்கும், பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு காட்சி தானே நினைவில் எழுந்து மனத்தைக் கலக்குவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது அப்போதே தோன்றி அப்போதே அடங்குவது. பின்னது அடங்காதது. பெரிதும் அழவைத்த படம் விரைவில் மறக்கப்படுவதும், அழவே இடந்தராத படம் நெடுநாள் உறுத்திக்கொண்டிருப்பதும் பார்வை அனுபவத்தில் அரியன அல்ல.

அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் கையாளும் கதார்சிஸ் என்னும் கருத்தாக்கம் முன்னதை விளக்கப் பயன்படும். இரக்கமும் அச்சமும் கிளர்ந்தெழுந்து வடிகால் பெறுதலால் மனம் தெளிவடைகிறது என்பது அதற்குப் பரவலாகத் தரப்படும் விளக்கம். வடிந்தது எஞ்சாது, ஆகவே எஞ்சி நிற்கும் துயரை அக்கருத்தாக்கம் விளக்காது. அந்நூலிலேயே இடம்பெறும் அனக்னோரிசிஸ் என்னும் மற்றொரு கலைச்சொல் இங்கு மிகுதியும் பயன்தரும். அறியாமையிலிருந்து அறிவிற்கு மாறும் கணத்தை அது குறிக்கும். இக்கட்டுரை அதனை ‘இனங்காணல்’ என வழங்குகிறது. அவல நாடகத்தின் உயிர்நிலைகளுள் ஒன்றாக அரிஸ்டாட்டில் கருதிய இவ்வினங்காணல் நிகழாமல் போகும் இடத்திலேயே தமிழ்த் திரைப்படத்தின் மறக்கவியலாத துயர்கள் சில பிறக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மெய்ப்பாட்டியலைத் திரைப்படத்திற்குப் பொருத்திப் பார்க்கும்போது, காட்சிகளை எண்வகை மெய்ப்பாடுகளின் கீழ் வகைப்படுத்துவதோடு நின்றுவிடும் போக்கு உண்டு. வகைப்படுத்துதல் தொடக்கமே அன்றி முடிவன்று. எந்த மெய்ப்பாடு என்னும் வினாவை அடுத்து, அது யாருடைய மெய்யில் தோன்றுகிறது என்னும் வினாவும் கேட்கப்பட வேண்டும். அவ்விரண்டாம் வினாவே இவ்வாய்வின் மையம்.

அழுகையின் நிலைக்களன்களும் காண்போரும்

பொருளதிகாரத்தின் ஆறாவது இயலாகிய மெய்ப்பாட்டியல், அழுகை தோன்றுவதற்குரிய களன்களாக இழவு, இளிவு, வறுமை, அசைவு என்னும் நான்கினைச் சுட்டுகிறது. உரை மரபு இவற்றைத் தெளிவாக வேறுபடுத்துகிறது. உற்றாரையும் இன்பம் தரும் பொருள்களையும் இழத்தல் இழவு. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. நுகர விரும்பியதை நுகரப் பெறாத பற்றுள்ளம் வறுமை. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையினராகி வருந்துதல் அசைவு. இந்நான்கனுள் சாவோடு நேரடித் தொடர்புடையது இழவு ஒன்றே என்பது கருதத்தக்கது. துயரத்தைச் சாவோடு மட்டும் பிணைத்துப் பார்க்கும் பார்வையைத் தொல்காப்பியம் ஏற்கவில்லை.

பேராசிரியர் தம் உரையில் மேலும் ஒரு பாகுபாட்டைத் தருகிறார். தனக்கு நேர்ந்ததற்குத் தானே வருந்துதல் ஒன்று, பிறர் வருத்தம் கண்டு வருந்துதல் மற்றொன்று என அழுகை இருவகைப்படும் என்பது அவர் கருத்து. பின்னதைக் கருணை என வேறாகக் கொள்வதற்கும் அவர் இடந்தருகிறார். திரைப்படத்தைக் காண்போரின் அழுகை இரண்டாம் வகையினது. எனினும், பிறர் வருத்தம் என்பது எப்போதும் பிறர் அழுகையாகவே காட்சிப்பட வேண்டும் என்னும் கட்டாயமில்லை. வருத்தத்திற்குரியவர் அழலாம், அழாமலும் இருக்கலாம், தாம் வருந்த வேண்டியவர் என்பதையே அறியாமலும் இருக்கலாம்.

அழுகையை அடக்கி அவலத்தை மிகுவிக்கும் நெறி தமிழ் மரபிற்குப் புதியதன்று. பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் இடம்பெறும் பாடலில் அழுதோம் என்ற சொல்லே இல்லை. சென்ற திங்களின் நிலவில் இருந்தவையும் இத்திங்களின் நிலவில் இல்லாதவையும் மட்டுமே அங்குச் சொல்லப்படுகின்றன. நிலவு மாறவில்லை என்பதை அம்மகளிர் கூறுகின்றனர். எல்லாம் மாறிவிட்டது என்பதைக் கேட்போர் உணர்கின்றனர். பாத்திரத்தின் மெய்யில் தோன்ற வேண்டிய அழுகை கேட்போரின் மெய்யில் தோன்றுகிறது. இந்நிலையை இக்கட்டுரை ‘இடம்பெயர்ந்த அழுகை’ எனக் குறிக்கிறது. இதற்கு மறுதலையாக, பாத்திரங்களின் மெய்யிலேயே தோன்றி வளர்ந்து முடிவுறுவதை ‘நிறைவுறும் அழுகை’ எனக் குறிக்கலாம். இரண்டும் தமிழ்த் திரையில் உள்ளன. ஒப்பீட்டிற்கு ஏதுவாக நிறைவுறும் அழுகையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

நிறைவுறும் அழுகை: ‘பாசமலர்’

அ. பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி கணேசன், சாவித்திரி, ஜெமினி கணேசன் ஆகியோர் நடித்து 1961ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாசமலர்’ இழவினைக் களனாகக் கொண்ட அவலத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தாய் தந்தையரை இழந்த அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் உலகமாக வாழ்கின்றனர். திருமணத்திற்குப் பின் உறவினரால் விளையும் பகை அவர்களைப் பிரிக்கிறது. செல்வத்தையும் பார்வையையும் இழந்த நிலையில் அண்ணன் இராஜசேகரன் தங்கை இராதாவை மீண்டும் அடைகிறான். கைகளைப் பற்றிய நிலையில் இருவரும் உயிர்துறக்கின்றனர்.

இம்முடிவில் இனங்காணல் முழுமையாக நிகழ்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் பட்ட துயரைத் தங்கை அறிகிறாள். தங்கையின் அன்பு மாறவில்லை என்பதை அண்ணன் அறிகிறான். பகைக்குக் காரணமானவை வெளிப்படுகின்றன. அறிய வேண்டியவர் எவரும் அறியாமல் இல்லை. அறிந்தவர் அனைவரும் திரையிலேயே அழுகின்றனர். ஒப்பாரி நிகழும் வீட்டில் வந்தோர் யாவரும் சேர்ந்து அழுது துயரைப் பகிர்ந்துகொள்வது போல, அரங்கமும் அவ்வழுகையில் சேர்ந்துகொள்கிறது. ஒப்பாரி முடிந்தபின் வீடு திரும்புதல் எளிது. செய்ய வேண்டியது செய்யப்பட்டுவிட்டது என்னும் நிறைவு அங்கு உண்டு.

இதனை அப்படத்தின் குறையாகக் கொள்ளலாகாது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ‘பாசமலர்’ மறக்கப்படவில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோளுக்கு எதிரான சான்றாகக் காட்டப்படலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும், அப்படம் எவ்வாறு நினைவில் வாழ்கிறது என்பதையும் நோக்க வேண்டும். உடன்பிறந்தார் அன்பினைக் குறிக்கும் பெயராக, அன்றாடப் பேச்சில் பாராட்டாகவும் கேலியாகவும் வழங்கும் ஒரு சொல்லாக அது வாழ்கிறது. சமூகம் அதனைப் பொதுச்சொத்தாக்கிக்கொண்டது. பலர் கூடிப் பகிர்ந்த அழுகை பலருக்கும் பொதுவான சொல்லாக மாறுவது இயல்பே. அடுத்து வரும் படங்கள் நினைவில் வாழும் முறை வேறு. அவை பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் தனித்த சுமையாகத் தங்குகின்றன.

மறதி: ‘மூன்றாம் பிறை’

பாலுமகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கிய ‘மூன்றாம் பிறை’ 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும், பாலுமகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருதையும் அப்படம் பெற்றுத் தந்தது. விபத்தில் நினைவிழந்து குழந்தை மனநிலைக்குத் திரும்பிவிட்ட பாக்கியலட்சுமி, பாலியல் தொழில் நடக்கும் ஒரு விடுதியில் சிக்கிக்கொள்கிறாள். அவளை மீட்டு, நீலகிரியின் கேத்தியில் தான் ஆசிரியராகப் பணியாற்றும் இடத்திற்கு அழைத்துச் செல்கிறான் சீனு. அவனோடு அவள் விஜியாக வாழ்கிறாள். மருத்துவத்தால் அவளுக்கு நினைவு திரும்பும்போது, கேத்தியில் வாழ்ந்த நாள்கள் முழுவதும் அவள் நினைவிலிருந்து மறைந்துவிடுகின்றன. தொடர்வண்டி நிலையத்தில் சீனு அவள்முன் நின்று கெஞ்சுகிறான். அவளுக்கு முன்பு மகிழ்வூட்டிய குரங்காட்ட விளையாட்டை ஆடிக் காட்டுகிறான். பைத்தியக்காரன் என்றும் இரந்துண்பவன் என்றும் எண்ணி அவள் அவனுக்கு உணவை வீசுகிறாள். வண்டி நகர்ந்துவிடுகிறது.

இக்கதையில் இறப்பு எதுவும் முடிவாக அமையவில்லை. ஆகவே இதன் களன் இழவு எனக் கூறுவது பொருந்தாது. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையினராதல் என்னும் அசைவே இப்படத்தின் களன். அவ்வசைவு இருமுறை நிகழ்கிறது. முதலாவது, படித்த இளம்பெண் ஒருத்தி விபத்தால் குழந்தையாதல். இரண்டாவது, ஆசிரியன் ஒருவன் நடைமேடையில் காண்போர் கண்ணுக்குப் பித்தனாதல். முதல் அசைவு தீரும் கணத்தில்தான் இரண்டாம் அசைவு தொடங்குகிறது. ஒருவர் நலம் பெறுதலே மற்றவர் நிலைகுலைதலாக இங்கு அமைந்துவிடுகிறது.

இப்பின்னலே பார்வையாளரின் இக்கட்டு. பெரும்பாலான அவலக் கதைகளில் பார்வையாளர் வேறொரு முடிவை விரும்பலாம். கடிதம் உரிய நேரத்தில் சேர்ந்திருக்கலாம், பகைவர் திருந்தியிருக்கலாம் என்றெல்லாம் எண்ணி ஆறுதல் பெறலாம். ‘மூன்றாம் பிறை’யில் அவ்வாறு விரும்புவதற்கு இடமில்லை. அவள் குணமடையாமலிருந்தால் சீனு வாழ்ந்திருப்பான் என விரும்புவது, ஒரு பெண் தன் பெயரையும் பெற்றோரையும் அறியாத குழந்தையாகவே இருந்திருக்க வேண்டும் என விரும்புவதாகும். அவள் குணமடைந்தது நன்று என மகிழ்வது, நடைமேடையில் வீழ்ந்துகிடப்பவனைப் புறக்கணிப்பதாகும். நினைவு திரும்பியும் அவனை மறவாதிருந்தால் என மூன்றாவதொரு முடிவை எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அங்கும் ஓர் ஐயம் எழும். குழந்தையாக அவனிடம் ஒட்டியிருந்தவள், வளர்ந்த பெண்ணாக அவனை ஏற்றிருப்பாளா? படம் அவ்வினாவுக்கு விடை தரவில்லை. குற்றவாளி எனச் சுட்டுவதற்கும் அங்கு எவருமில்லை. வெகுளியாக மாறவியலாத அழுகை, செல்லும் வழியின்றி நின்றுவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் அழுகை வெகுளியாகி மதுரையை அடைகிறது. தன் பிழையை இனங்கண்ட பாண்டியன் உயிர்நீக்கிறான். அங்கு அறிவு வந்து சேர்கிறது. கேத்தி நிலையத்தில் அது வருவதே இல்லை.

படத்தின் முடிவு அதன் நடுவிலேயே வித்தாக இடப்பட்டுள்ளது. கண்ணதாசனின் இறுதித் திரைப்பாடலாக அறியப்படும் ‘கண்ணே கலைமானே’, சீனு அவளுக்குப் பாடும் தாலாட்டாக அமைகிறது. தாலாட்டு என்னும் வடிவத்தின் இயல்பினை இங்கு நினைத்தல் தகும். தாலாட்டைப் பாடியவர் அதனை மறப்பதில்லை. கேட்ட குழந்தை அதனை நினைவில் கொள்வதில்லை. எக்குழந்தையும் தனக்குப் பாடப்பட்ட முதல் தாலாட்டினை அறியாது. அதற்காகக் குழந்தையை நன்றியற்றது என எவரும் பழிப்பதில்லை. சீனு அவளுக்குத் தாலாட்டுப் பாடிய அன்றே, தான் மறக்கப்படவிருக்கும் இடத்தில் அமர்ந்துவிட்டான். பார்வையாளர் அதனை அப்போது உணர்வதில்லை. முடிவினை அறிந்தபின் மறுமுறை பார்க்கும்போது அத்தாலாட்டுக் காட்சியே நடைமேடைக் காட்சியினும் கொடியதாகத் தோன்றுவது இதனால்தான்.

நடைமேடையில் சீனு ‘விஜி’ என்று அழைப்பதும் கருதத்தக்கது. வண்டியில் அமர்ந்திருப்பவள் பாக்கியலட்சுமி. அழைக்கப்படும் பெயருக்கு உரியவள் அங்கில்லை. விஜி இறக்கவில்லை, ஆயினும் எங்கும் இல்லை. அவளுக்காக ஒப்பாரி வைக்கவும் இயலாது, அவளைத் தேடிச் செல்லவும் இயலாது. விஜி என்றொருத்தி வாழ்ந்தாள் என்பதற்குச் சான்று சொல்லத்தக்கவர், சீனுவையும் அவ்வூரார் சிலரையும் விடுத்தால், பார்வையாளரே. படம் முடிந்தபின் அவர் எழுந்து செல்லும்போது அச்சான்றும் அவரோடு செல்கிறது. அதனை இறக்கி வைக்க இடமில்லை.

சீனுவின் குரங்காட்டம் மேடைகளிலும் நகைச்சுவைக் காட்சிகளிலும் பலமுறை போலி செய்யப்பட்டுள்ளது. அப்போலிகள் சீனுவின் உடலசைவை எடுத்துக்கொள்கின்றன. சன்னல் வழியே அவனைப் பார்க்கும் ஸ்ரீதேவியின் கண்களை எந்தப் போலியும் தொடவில்லை. அக்கண்களில் வெறுப்பில்லை, அன்பில்லை, ஐயமும் இல்லை. வழிப்போக்கன் ஒருவனிடம் காட்டும் சிறு இரக்கம் மட்டும் உள்ளது. காட்சியின் துயரம் அவ்விரக்கத்தில் இருக்கிறது.

மரணம்: ‘வீடு’

பாலுமகேந்திராவின் ‘வீடு’ 1988ஆம் ஆண்டு வெளிவந்தது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், அலுவலகத்தில் பணிபுரியும் சுதா தனக்கென ஒரு சிறு வீட்டைக் கட்டத் தொடங்குகிறாள். தங்கை இந்துவும், ஓய்வுபெற்ற இசையாசிரியரான தாத்தா முருகேசனும் அவள் பொறுப்பில் உள்ளனர். கடன், ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, அலுவலக இழுபறி ஆகியவற்றினூடே சுவர்கள் எழுகின்றன. தாத்தா ஒருநாள் தனியே சென்று, பாதி கட்டப்பட்ட வீட்டைத் தொட்டுப் பார்த்து மகிழ்கிறார். அதன்பின் அவர் உயிர் பிரிகிறது. பின்னரே அந்நிலம் குடிநீர் வாரியத்திற்குரியது என்னும் செய்தி வருகிறது. வழக்குமன்றத்தில் சுதா காத்திருப்பதோடு படம் முடிகிறது.

வறுமை என்பதனைப் பொருளின்மையாக மட்டும் கொள்ளாமல், நுகரப் பெறாத பற்றுள்ளமாக உரை மரபு விளக்கியதன் நுட்பம் இப்படத்தில் முழுதும் புலனாகிறது. சுதா வேலையில்லாதவள் அல்லள். பட்டினி கிடப்பவளும் அல்லள். சிறிது சிறிதாகக் கட்டிய ஒன்றில் குடிபுக இயலாமையே அவள் வறுமை. பாடல்களின்றி எடுக்கப்பட்ட இப்படத்தில், இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பே பின்னணியாகப் பயன்பட்டது. அழுகைக்குக் குறிப்புத் தரும் பாடல் ஒன்றுகூட இல்லாமையால், எப்போது அழ வேண்டும் என்பதைப் பார்வையாளரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் அச்சுவரைத் தடவும் காட்சியில் துயரமே இல்லை. அங்கு இருப்பது உவகை. முதல்முறை பார்ப்பவர் அவ்வுவகையில் பங்குகொள்வர். வீடு கைவிட்டுப் போனபின் அதே காட்சி நினைவில் மீளும்போது அது அழுகைக்குக் களனாகிறது. தாத்தா அறியாமல் இறந்தார் என்பது ஒருவகையில் ஆறுதல். மற்றொரு வகையில் அவர் மகிழ்ச்சி முழுவதும் வெறும் மணலின் மேல் எழுந்தது என்னும் உறுத்தல். காட்சி மாறவில்லை. அதனை அறிந்தவரின் அறிவு மாறிவிட்டது. ஒரே நிலவை இருவேறு திங்களில் கண்ட பாரி மகளிரின் நிலை, இங்குப் பார்வையாளரின் நிலையாகிறது.

மறைப்பு: ‘பரியேறும் பெருமாள்’

மாரி செல்வராஜ் இயக்கத்தில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ இளிவினைக் களனாகக் கொண்டது. திருநெல்வேலியில் சட்டக் கல்லூரியில் பயிலும் ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவன் பரியன், உடன் பயிலும் ஜோவின் குடும்பத் திருமணத்திற்கு அவள் அழைப்பின் பேரில் செல்கிறான். அங்கு அவள் உறவினரால் தாக்கப்பட்டு இழிவுபடுத்தப்படுகிறான். கூத்துக் கலைஞரான அவன் தந்தை, கல்லூரிக்கு வந்தவிடத்தில் ஆடை களையப்பட்டுத் தெருவில் ஓடவிடப்படுகிறார். தொடக்கத்தில் தண்டவாளத்தில் கொல்லப்படும் கருப்பி என்னும் நாயின் சாவு இழவு; அதனை ஒப்பாரி தொடர்கிறது. அவ்விழவுக்கு அழுவதற்கு ஊர் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. பரியன் அடைந்த இளிவுக்கு அழுவதற்கு எவருமில்லை. இழவுக்குச் சடங்கு உண்டு, இளிவுக்கு இல்லை. இகழப்பட்டவர் தமக்கு நேர்ந்ததை வெளியே சொல்வதே மீண்டும் ஒருமுறை இகழப்படுவதாகும்.

ஆகவே பரியன் ஜோவிடம் சொல்வதில்லை. அவன் ஏன் விலகுகிறான் என்பது அவளுக்கு விளங்குவதில்லை. இறுதிக் காட்சியில் ஜோவின் தந்தையும் பரியனும் தனித்துப் பேசுகின்றனர். நிகழ்ந்தவை அனைத்தும் அவ்விருவருக்கும் தெரியும். பேச்சு முடிந்தபின் ஜோ அவர்களிடம் வந்து சேர்கிறாள். இரு தேநீர்க் குவளைகளும் அவற்றிடையே ஒரு மலரும் திரையில் எஞ்சுகின்றன. அங்கு எவரும் அழவில்லை. இருவர் அறிந்ததும் ஒருத்தி அறியாததும் ஒரே இடத்தில் அமைதியாக இருக்கின்றன. அக்கொடுமைகளை ஜோ என்றேனும் அறிவாளா என்னும் வினாவோடு பார்வையாளர் வெளியேறுகிறார். உண்மையை அறிந்தும் சொல்ல இயலாதவராகப் பரியனோடு அவரும் நிறுத்தப்படுகிறார்.

விஜியின் அறியாமைக்கும் ஜோவின் அறியாமைக்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. முன்னது உடல் சார்ந்த விபத்தின் விளைவு. பின்னது சாதிய அமைப்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. தன் வீட்டார் செய்வதை அறியாதிருக்கும் வாய்ப்பு ஜோவுக்குக் கிடைத்திருக்கிறது. அறியாதிருக்கும் வாய்ப்பு பரியனுக்கு ஒருபோதும் இல்லை. ஒத்த கட்டமைப்பு ஒரு படத்தில் ஊழின் துயராகவும் மற்றொன்றில் சமூகக் குற்றமாகவும் அமைவதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

அறியாமையின் விலை

மறதி, மரணம், மறைப்பு என மூவகையாக அறியாமை நிகழ்வதையும், ஒவ்வொன்றிலும் அழுகை பார்வையாளரிடம் இடம்பெயர்வதையும் மேற்கண்ட பகுதிகள் காட்டின. இவ்வமைப்பின் ஆற்றலை ஏற்கும் அதே வேளையில் அதன் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றனுள் இரண்டு படங்களில் அறியாதவர் பெண். ‘மூன்றாம் பிறை’யில் நாம் சீனுவுக்காக அழுகிறோம். விடுதியில் சிக்கிய நாள்களில் அவளுக்கு நேர்ந்தது என்ன, தன் வாழ்வில் ஒரு பகுதி முழுவதும் காணாமல் போனதை உணரும் பாக்கியலட்சுமி பின்னர் என்னவாகிறாள் என்னும் வினாக்களைப் படமும் கேட்கவில்லை, நாமும் கேட்பதில்லை. ஒரு பெண் தன் அறிவையும் பெயரையும் மீளப் பெறுகிறாள் என்னும் நற்செய்தி, அவளைப் பேணிய ஆணின் பேரிழப்பாக மட்டுமே நம் நினைவில் பதிந்துள்ளது. அவளை வழியனுப்பும் நடைமேடையில் அவளுக்காக மகிழ்வோர் அவள் பெற்றோர் மட்டுமே. ஜோவின் நிலையிலும் இதே வினா எழும். அவளுக்குச் சொல்லாமல் விடுவது அவளைக் காக்கிறது என்பது உண்மையே. அறிந்தபின் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரிவு செய்யும் உரிமையும் அதனால் அவளுக்குக் கிட்டாமல் போகிறது.

இவ்வகையில் ‘வீடு’ வேறுபட்டு நிற்கிறது. அங்கு அறியாதவர் முதியவர். அறிந்து சுமப்பவள் சுதா. பார்வையாளர் ஒரு பெண்ணின் அறிவோடு சேர்ந்து நிற்கிறார். அவளுடைய அழுகையைக் காட்டிலும் அவள் காத்திருப்பதே நினைவில் தங்குகிறது. மூன்று படங்களுள் மிகக் குறைவாகக் கண்ணீர் வரவழைப்பதும், அறத்தளவில் மிகக் குறைவாகக் கடன்படுவதும் ‘வீடு’ எனக் கூறலாம்.

இக்கட்டுரையின் கருதுகோள் துயரப் படங்கள் அனைத்திற்கும் பொருந்தும் விதியன்று. மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) போன்ற படங்கள் இதனை மேலும் சிக்கலாக்குகின்றன. அங்குத் தீயவனாகிய சுந்தரவடிவேல் தன் முடிவினை முழுதும் அறிந்தே ஆற்றில் இறங்குகிறான். அவனைத் தண்டித்த ஊரும் தான் செய்தது எத்தகையது என்பதை அவன் சொல்லக் கேட்டு அறிகிறது. இனங்காணல் நிகழ்கிறது, ஆயினும் துயர் அடங்குவதில்லை. கரையில் எஞ்சும் அவனுடைய இரு குழந்தைகளே அதற்குக் காரணம். நிகழ்ந்ததைக் கண்டும் அதன் பொருளை அறியும் வயதில் அவர்கள் இல்லை. அறிந்தோர் பலர் நடுவில் அறியாதோர் இருவர் நிற்பதே அம்முடிவின் பாரம் எனில், கருதுகோள் அங்கும் வேறொரு வடிவில் செயல்படுகிறது எனலாம். இதனை விரிவாக ஆராய்வதற்கு இடமுண்டு.

முடிவுரை

தொல்காப்பியம் வகுத்த நான்கு களன்களும் தமிழ்த் திரையின் அவலத்தை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றன. எனினும், ஒரு படம் எக்களனைத் தேர்ந்தது என்பது மட்டும் அதன் தாக்கம் நீடிப்பதை முடிவு செய்வதில்லை. பாத்திரங்கள் யாவரும் அறிந்து, யாவரும் அழுது முடிக்கும் துயர் சமூகத்தின் பொது நினைவாகிறது. அறிய வேண்டிய ஒருவர் அறியாமலேயே போகும் துயர் தனிமனிதரின் சுமையாகிறது. பேராசிரியர் சுட்டிய பிறர் அவலம் கண்டு வருந்துதல், இங்குப் பிறர்பொருட்டு அறிந்திருத்தலாக விரிகிறது. காண்போர் என்ற நிலையிலிருந்து சான்று கூறுவோர் என்ற நிலைக்குப் பார்வையாளர் நகர்கிறார்.

சான்று என்னும் சொல் மற்றொரு கவலையையும் எழுப்புகிறது. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகிய தம் படங்களின் மூலச் சுருள்கள் அழிந்துவிட்டதைத் தம் இறுதி ஆண்டுகளில் பாலுமகேந்திரா வருத்தத்தோடு எடுத்துரைத்தார். தமிழ்த் திரைப்படங்களுக்கென ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தியும் வந்தார். 2014ஆம் ஆண்டு அவர் மறைந்தார். நினைவிழப்பைப் பற்றியும், கட்டியது நிலைக்காமல் போவதைப் பற்றியும் படமெடுத்த கலைஞருக்கு அவ்விரண்டும் தம் படச் சுருள்களின் வழியாகவே நேர்ந்தன. பார்வையாளரின் நினைவு ஒரு தலைமுறையோடு முடிவது. அதன்பின் விஜி வாழ்ந்தாள் என்பதற்கும், முதியவர் ஒருவர் ஈரம் உலராத சுவரைத் தொட்டு மகிழ்ந்தார் என்பதற்கும் படச்சுருளே சான்று. அதனைக் காப்பது காப்பகங்களின் பணி. காக்கப்பட்டதைக் கற்பித்தும் ஆராய்ந்தும் அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது தமிழ்த்துறைகளின் பணியுமாகும்.